சாலையை உயர்த்தாதீர்கள்: தூத்துக்குடி மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயருக்கும் 60 வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். காயல்பட்டினத்தில் அன்று கொட்டிய அளவுக்கு நம் மாவட்டத்தில் வழக்கமாக ஒரு வருடம் முழுக்கவே பெய்வது கிடையாது. "இப்படிப் பெய்தால் யார்தான் என்ன செய்ய முடியும்?" என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்த மடல்.

ஊரை மூழ்கடித்தது தலைக்கு மேல் பெய்த மழை மட்டும் இல்லை. கோரம்பள்ளம் குளம் உடைந்து வந்த தண்ணீரும் சேர்ந்துகொண்டது. தாமிரபரணிப் பாசனத்தின் வால்பகுதிக் குளம் அது. மேற்கே மானாவாரிக் காடுகளில் பெய்கிற மழையும் ஓடைகள் வழியாக அதில்தான் வந்து விழுகிறது. 24 கண் மதகு வழியாக வெளியேறும் தண்ணீர் உப்பாற்று ஓடையில் ஓடி, உப்பளங்களைக் கடந்து கடலுக்குப் போக வேண்டும். நம் நகரத்தின் தெற்கு ஓரம் முழுக்க அந்தத் தண்ணீரின் வழி. இங்கே ஊர்ப் பெயரிலேயே எச்சரிக்கை உண்டு. கோரம்பள்ளத்தில் பள்ளம் இருக்கிறது, சங்கரப்பேரியில் பேரி இருக்கிறது. நெல்லைச் சீமையில் பேரி என்றால் பெரிய குளம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2009இல் நான் மனை வாங்கினேன். விற்றவர் பட்டா, அப்ரூவல் எல்லாம் காட்டினார். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தெருவைவிட இரண்டடி உயர்த்தித்தான் வீடு கட்டினேன். அப்புறம் சாலை போட்டார்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடியும் போட்டார்கள். இன்று என் வாசல்படி தெருவுக்குக் கீழே இருக்கிறது. பக்கத்து மனைக்காரர் நாலடிக்குச் சரள் அடித்துக் கட்டிவிட்டார், அவர் வீட்டுத் தண்ணீரும் இப்போது எனக்குத்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காசு இருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். எல்லோரும் உயர்த்திக்கொண்டே போனால் கடைசியில் முங்குவது உயர்த்த வசதி இல்லாதவர் வீடு. முத்தம்மாள் காலனிப் பக்கம் போனால் இது கண்ணுக்கே தெரியும்.

குளம் நீர்வளத் துறையுடையது, புறம்போக்கு வருவாய்த் துறையுடையது என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் சாலையின் மட்டம் உங்கள் கையில் இருக்கிறது. வடிகாலும் கட்டட அனுமதியும்கூட உங்கள் கையில்தான்.

சாலை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம், மட்டம் ஓர் அங்குலம்கூட உயரக் கூடாது. சுரண்டாமல் போட்ட சாலைக்குப் பில் பாஸ் ஆகக் கூடாது. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. சாலை தண்ணீர்ப் பாதையைக் குறுக்கே வெட்டுகிற இடத்தில் குழாய் பதித்துவிட்டுப் போகாமல் அகலமான பாலம் கட்டுங்கள். ஒரு பாயும் இரண்டு தென்னை மட்டையும் வந்து மாட்டினால் போதும், குழாய் அடைத்துக்கொள்ளும்.

அடுத்து அளவு. அன்றைக்குத் தண்ணீர் நின்ற கறை இன்னும் பல சுவர்களில் இருக்கிறது. வெள்ளையடித்தால் போய்விடும். போவதற்குள் ஒவ்வொரு தெருவிலும் அளந்து, மின்கம்பத்தில் கோடு போட்டு, வார்டு வாரியாக வரைபடம் ஆக்குங்கள். கட்டட அனுமதி கேட்டு வருபவரிடம் அந்த வரைபடத்தை முதலில் காட்டுங்கள். ஆழமாக நின்ற இடங்களில் இனிப் புது மனைப்பிரிவே வேண்டாம். விளையாட்டு மைதானமோ பூங்காவோ இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு வாரம் தண்ணீர் நின்றால் மைதானத்துக்கு ஒன்றும் ஆகாது. மனை விற்பவர்களுக்குக் கோபம் வரும். உங்களில் சிலருக்கு அவர்கள் வேண்டப்பட்டவர்கள் என்பதும் ஊருக்குத் தெரியும்.

ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்களை அள்ளி ஊருக்கு வெளியே போடச் சொல்லவில்லை. அவர்களுக்கு வேண்டியது முன்கூட்டியே தகவல். மதகு திறக்கும்போது எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வரும் என்று நீர்வளத் துறையிடம் கேட்டு வாங்கி, ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லுங்கள்.

நகருக்குள் ஓடும் பக்கிள் ஓடையையும் உப்பாற்று ஓடையின் முகத்துவாரத்தையும் தூர்வாருவது ஐப்பசி பிறந்த பிறகு நினைவுக்கு வருகிற வேலையாக இருக்கக் கூடாது. புரட்டாசிக்குள் முடித்து, எவ்வளவு மண் எடுத்தீர்கள், எங்கே கொட்டினீர்கள் என்று வார்டு மக்கள் கூடும் அடுத்த பகுதி சபாவில் படித்துக் காட்டுங்கள். நானும் வருவேன். என் வீட்டுச் சுவரில் கறை நாலரை அடியில் இருக்கிறது. அளக்க ஆள் அனுப்பும்வரை வெள்ளையடிக்காமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தெருவுக்குக் கீழே குடியிருக்கும் ஒரு வரிதாரர்