பெயர்ப் பட்டியல் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

கடந்த ஏப்ரலில் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில், அமெரிக்கன் புட்போல் அணிகள் புதிய வீரர்களை முறை வைத்துத் தெரிவு செய்யும் டிராஃப்டின் முதற் சுற்றில் எந்த அணி எவரைத் தெரிவு செய்யும் என 32 பெயர்களைக் கொண்ட பட்டியலொன்று வெளியாகியிருந்தது. வெளிநாட்டு விமர்சகர் ஒருவரின் மொக் டிராஃப்டிலிருந்து, அதாவது முன்கூட்டிய ஊகப் பட்டியலிலிருந்து, காரணங்களைக் கழித்துவிட்டுப் பெயர்களை மட்டும் எடுத்து, நடந்து முடிந்த விடயம் போல அச்சிட்டமை வாசகருக்குப் பயன் தராது என்பதைத் தெரிவிக்கவே இதனை எழுதுகின்றேன்.

யாழ்ப்பாணத்தவருக்கு இந்த விளையாட்டில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கக்கூடும். ரொறன்ரோவில் வாழும் எமது உறவினர் பலருக்கு எல்லைக்கு அப்பாலுள்ள பபலோ பில்ஸ் சொந்த அணி மாதிரி. அவர்களோடு நாளாந்தம் பேசும் இங்குள்ள இளைஞர்களுக்கும் அந்தப் பித்துத் தொற்றிவிட்டதால், மாலை வேளைகளில் எங்கள் வாசிகசாலைத் திண்ணையிலிருந்து ஆளுக்கொரு மொக் டிராஃப்ட் போடுகின்றனர். வடக்கின் பெருஞ்சமர் கிரிக்கெட் போட்டிக்கு அணி தெரிவு செய்து கொடுக்கும் பெரியவர்கள் தேநீர்க் கடைதோறும் நிறைந்துள்ள ஊரில், இதை மட்டும் வீண்வேலை என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும், 'இவன் திறமா, அவன் திறமா' என்பதோடு அந்த விவாதம் நின்றுவிடுவதுதான் குறை.

ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பணமிருந்தால் வேண்டிய வீரரை வாங்கிவிடலாம் என்றே தோன்றும். 1936 இல் தொடங்கிய டிராஃப்டில் விலை கேட்கும் வேலையே இல்லை. முந்திய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் முறையும், சுப்பர் போல் என்னும் இறுதிப் போட்டியில் வென்ற அணிக்குக் கடைசி முறையும் உரியவை. இவ்வாறு 7 சுற்றுகள். 2025 இல் பபலோவின் முறை 30ஆவது. பந்தைப் பிடித்தோடும் முன்னணி ரிசீவர் ஒருவர் அதுவரை எவர் கையிலும் அகப்படாமல் மிஞ்சுவாரா என்று யோசிக்காமலே, திண்ணைப் பட்டியல்களில் அவரைப் பபலோவுக்கு எழுதி வைத்தார்கள். அணியோ, தடுப்பு வரிசையில் இருந்த ஆட்குறையைப் பார்த்து, எதிரணி ரிசீவர்களை மறிக்கும் கோர்னர்பாக் மக்ஸ்வெல் ஹெயர்ஸ்ரனைத் தெரிவு செய்தது. அதே ஆண்டில் பல பிரபல விமர்சகர்கள் முதற் சுற்றில் எழுதியிருந்த, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பாக்கான ஷெடூர் சாண்டர்ஸ், ஐந்தாஞ் சுற்றில் 144ஆவதாகவே தெரிவானார்.

முறைகளைக் கைமாற்றவும் இடமுண்டு. கணக்குச் சூடுபிடிப்பது அங்கேதான். 2021 இல் சான் பிரான்சிஸ்கோ அணி, 12ஆவது முறையிலிருந்து 3ஆவதற்கு ஏறுவதற்காக, அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதற் சுற்று உரிமைகளையும் ஒரு மூன்றாஞ் சுற்று உரிமையையும் மயாமி அணிக்குக் கொடுத்தது. குவார்ட்டர்பாக் மக் ஜோன்ஸ்தான் வருவார் என்று பல மொக் டிராஃப்டுகள் கூற, அணி இன்னொரு குவார்ட்டர்பாக்கான டிரே லான்ஸைத் தெரிவு செய்தது. யார் சொன்ன பெயர் பலித்தது என்ற சண்டையில், கொடுத்த விலை தகுமா என்ற கேள்வி எடுபடவேயில்லை. லான்ஸ் அவ்வணிக்காக ஆரம்ப வீரராக இறங்கியது 4 ஆட்டங்களில் மட்டுமே. 2023 இல் அவரை டலஸுக்குக் கைமாற்றியபோது ஒரு நான்காஞ் சுற்று உரிமையே கிடைத்தது. 2022 இல் 262ஆவதாக, எல்லோருக்கும் கடைசியாகத் தெரிவான குவார்ட்டர்பாக் புரொக் பேர்டியே அந்த அணியை 2024 பெப்ரவரியில் சுப்பர் போல் வரை இட்டுச் சென்றவர்.

சம்பளமும் இதில் அடங்கும். லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2011 உடன்படிக்கையின் பின்னர், புதிய வீரரின் சம்பளம் அவர் எத்தனையாவதாகத் தெரிவானார் என்பதைப் பொறுத்தது. ஆகவே நல்ல குவார்ட்டர்பாக் ஒருவர் டிராஃப்டில் வாய்த்துவிட்டால், ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய சம்பள உச்சவரம்புக்குள் மிஞ்சும் பணத்தைக் கொண்டு 4 ஆண்டுகளுக்கு ஏனைய இடங்களைப் பலப்படுத்தலாம். 2024 மார்ச்சில் கேர்க் கசின்ஸுடன் 180 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் செய்த அற்லாண்டா, ஏப்ரலில் மைக்கல் பெனிக்ஸ் என்ற இன்னொரு குவார்ட்டர்பாக்கை 8ஆவதாகத் தெரிவு செய்தபோது பலரும் நகைத்தனர். டிசம்பரில் கசின்ஸ் வெளியே இருத்தப்பட்டு, பெனிக்ஸ் களமிறங்கினார். அற்லாண்டா செய்தது சரியென்று நான் வாதாட வரவில்லை. ஓரிடத்துக்கு இருவர் மீது இவ்வளவையும் கொட்டியது எனக்கு இன்றும் விளங்காத காரியம். ஆயினும் விவாதிப்பதற்கு எத்தனை நல்ல விடயம் அது!

எனவே வரும் ஏப்ரலில், 32 பெயர்களுக்குப் பதிலாக, தெரிவு வரிசையையும், கைமாறிய முறைகளையும், ஒவ்வோர் அணியிலும் எந்த இடத்தில் ஆட்குறை உள்ளது என்பதையும் வெளியிடுமாறு வேண்டுகின்றேன். முதற் சுற்று வழக்கமாக எமது நேரப்படி வெள்ளிக்கிழமை அதிகாலை 5.30 மணிக்குத் தொடங்குவதால், அதற்குள் அன்றைய பத்திரிகை அச்சாகிவிடும். ஆகவே வெள்ளியன்று இவ்விபரங்களையும் சனியன்று முடிவுகளையும் தந்தால், இரண்டையும் அருகருகே விரித்து வைத்து எங்கள் பிள்ளைகள் சண்டை பிடிப்பதற்கு வசதியாயிருக்கும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கொக்குவில்.