விதியை வாசித்துக் காட்டியவர்களுக்கு

அன்புடையீர்,

போன மாதம் என் பட்டச் சான்றிதழ் புதுப் பெயரோடு தபாலில் வந்து சேர்ந்தது. மாற்ற வேண்டிய பெரிய ஆவணம் இனி எதுவும் பாக்கியில்லை. தனித்தனியாகப் ஃபோன் போட்டு நன்றி சொல்ல ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன். அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி, கலெக்டர் ஆபீஸில் அந்த மேஜையில் இருந்த அம்மாவுக்கு. திருநம்பி, அதாவது பிறப்பில் பெண் என்று பதிவான ஆண், என்று அடையாளச் சான்று கேட்டு விண்ணப்பித்திருந்தேன். பக்கத்து மேஜைக்காரர், “ஆபரேஷன் சர்ட்டிபிகேட் எங்கே?” என்று அறையில் இருந்த எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார். நீங்கள் எழுந்து வந்தீர்கள். 2019-இல் வந்த திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின் நகலை விரித்து, உறுதிமொழிப் பத்திரத்தை வைத்தே சான்று தரவேண்டும், மருத்துவப் பரிசோதனை கேட்கக் கூடாது என்ற இடத்தில் விரல் வைத்து அவருக்கு வாசித்துக் காட்டினீர்கள். குரலை உயர்த்தவில்லை. என் பக்கம் பரிதாபமாகத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அப்படிப் பார்க்காததற்குக் கூடுதல் நன்றி.

அடுத்து, இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமாகக் கிடைத்த வக்கீல் அக்கா. தன் பாலினம் எது என்று அவரவரே சொல்லிக்கொள்ளலாம் என 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அந்த வழக்கைத் தொடுத்தது தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு என்பதே நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் (பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்) சான்று வந்த கையோடு என்னைப் பில்லிங்கிலிருந்து குடோனுக்கு மாற்றியது. கழிப்பறை பற்றிக் கேட்டால், “எந்தப் பக்கம் விட்டாலும் புகார் வரும்” என்றார்கள். எதிரிலிருந்த பெட்ரோல் பங்குக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அக்கா அனுப்பிய நோட்டீஸில் கோபமே கிடையாது. அந்த 2019 திருநர் சட்டத்தின் 9-வது பிரிவு, வேலை தொடர்பான எதிலும் பாகுபாடு கூடாது என்கிறது. 11-வது பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை வைத்திருக்க வேண்டும் என்கிறது. உங்கள் புகார் அலுவலர் யார்? அவ்வளவுதான். அந்தக் கடைசிக் கேள்வியில்தான் ஆடிப்போனார்கள். அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்பதே அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

பில்லிங் நண்பர்களே, “எங்களிடமிருந்து எந்தப் புகாரும் வராது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். அதில் ஒருவர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். அது போதும்.

நேரில் பார்த்தே இராத ஒருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். போலீஸ் எஸ்.ஐ. வேலைக்கு விண்ணப்பித்த திருநங்கை பிரித்திகா யாஷினியைத் தேர்வு வாரியம் தட்டிக்கழித்தபோது, அவர் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் 2015-இல் ஜெயித்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். வழக்குப் போடலாம் என்ற எண்ணமே அப்போதுதான் தலைக்குள் வந்தது.

நன்றி சொல்கிறேன் என்பதால் சட்டம் நிறைவாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் மீதான பாலியல் வன்கொடுமைக்கும் சேர்த்து 2019-இல் அந்தச் சட்டத்தின் 18-வது பிரிவு வைத்த உச்சத் தண்டனை இரண்டே ஆண்டு. அதைச் சொல்லும்போது வக்கீல் அக்காவே உதட்டைப் பிதுக்கினார்.

கடைசியாக, தங்கச்சி. கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் என்று என் பெயர் இல்லையென்றால் பத்திரிகையே அடிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் நின்றாய். அதற்கெல்லாம் எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது. நீ அனுப்பிய ப்ரூஃபில் என் இனிஷியல் தப்பாக இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் சரி செய்யச் சொல்.

நன்றியுடன்,
உங்கள் திருநம்பி