பழி மட்டும் குடும்பத்துக்கா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் நடந்த மனநல மறுவாழ்வு மாநாடு பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். நானும் அங்கே போயிருந்தேன். மாத்திரை மட்டும் போதாது, வேலை, நட்பு, கையில் சொந்தமாகக் கொஞ்சம் பணம் எல்லாம் சேர்ந்தால்தான் ஒருவர் எழுந்து நிற்க முடியும் என்று ஒரு மருத்துவர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதையெல்லாம் விட்டுவிட்டு, குடும்பங்கள் ஒத்துழைக்காததே மறுவாழ்வுக்குப் பெரிய தடை என்று வேறொருவர் போகிறபோக்கில் சொன்னதைத் தலைப்பாகப் போட்டிருக்கிறீர்கள். உங்களை மதிக்கிறவள் என்பதால்தான் மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

என் தம்பிக்கு மனச்சிதைவு. கல்லூரியில் படிக்கும்போது வந்தது, இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான். அம்மா இருந்தவரை அம்மா பார்த்தார், அப்புறம் நான். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும் நாளில் விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிடுவோம். ஒரு மாத்திரை கொடுப்பார்கள், இன்னொன்று ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். வாங்கக் காசில்லாமல் அரை மாத்திரையாக உடைத்துக் கொடுக்கிற தாய்மாரை அந்த வரிசையில் பார்த்திருக்கிறேன். நோய் திரும்பிவிட்டால், ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்ற கேள்வி மட்டும் எங்களுக்கு. மற்ற மாத்திரைகள் கேட்காதபோது கொடுக்கும் க்ளோசபின் என்ற மருந்தை ஆரம்பித்தால், அது ரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடலாம் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அன்றைய கூலியை விட்டுவிட்டுக் கூடவே போகிறவர் யார், ஐயா?

மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனநோயும் உண்டு. சான்றிதழுக்குப் போன இடத்தில், தம்பி சுத்தமாகச் சட்டை போட்டிருந்தான், கேட்டதற்குப் பதில் சொன்னான் என்று பாதிப்பை 40 சதவீதத்துக்குக் கீழே எழுதி அனுப்பிவிட்டார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 வேண்டும். அவனை அப்படிக் குளிக்க வைத்துக் கூட்டிப் போனதே நாங்கள்தான்.

மனநோய் குணமாகும் என்று நம்பி மக்கள் போகும் தர்கா இருக்கிற ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு மனநோயாளர் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்துபோனார்கள், 28 உயிர். அப்போதும் கொண்டுபோய் விட்ட குடும்பங்களைத்தான் எல்லாரும் திட்டினார்கள். பக்கத்தில் மனநல மருத்துவரே இல்லாத ஊர்க்காரர்கள் தர்காவுக்குப் போகாமல் வேறு எங்கே போவார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது, சரி. குடும்பத்தோடு இருக்க முடியாதவர்கள் ஊருக்குள்ளேயே வாழ இடைநிலை இல்லங்களை அரசு ஏற்படுத்த வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து அப்படி ஒன்றுகூட இல்லை. எனக்கும் வயதாகிறது, எனக்குப் பிறகு இவன் எங்கே போவான் என்று மாநாட்டில் சீட்டு எழுதிக் கொடுத்தேன். நேரமில்லை என்று சொல்லி அடுத்த அமர்வைத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் நிருபரும் அங்கேதான் இருந்திருப்பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்காவது கத்திக்குத்து நடந்தால் 'மனநலம் பாதித்த வாலிபர் வெறிச்செயல்' என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். எங்கள் தெரு டீக்கடையில் அந்தப் பத்திரிகையைத்தான் உரக்கப் படிக்கிறார்கள். அன்றைக்குத் தம்பி டீ குடிக்கப் போனால் பக்கத்தில் இருப்பவர் எழுந்துவிடுகிறார். வாழ்நாளில் யாரையும் கை ஓங்கியறியாதவன் அவன்.

நான் மறுப்புச் செய்தி கேட்கவில்லை. உள்ளூர்ப் பக்கத்தில் மின்தடை அறிவிப்பு போடுகிறீர்களே, அதற்குக் கீழே எந்த அரசு மருத்துவமனையில் எந்த நாள் மனநல மருத்துவர் இருப்பார் என்பதையும், அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416 என்பதையும் மாதம் ஒருமுறை போடுங்கள். நாள் மாறினால் அதையும் போடுங்கள். மாறியது தெரியாமல் வந்து, பூட்டிய அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களில் நாங்களும் உண்டு.

இப்படிக்கு,
தம்பிக்காகப் பெயரைத் தவிர்க்கும் ஒரு வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்