அக்கி எழுதுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அக்கி வந்தால் 'உடம்புச் சூடு' என்று சொல்லிக் காவி எழுதிக்கொள்வது எங்கள் காங்கேயம் பக்கம் இன்றும் நடக்கிறது. எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். மூன்று நாள் எழுத வேண்டும் என்பது வழக்கம். மருந்து நன்றாக வேலை செய்வதும் அதே மூன்று நாட்களுக்குள்தான். அதுதான் என் ஆற்றாமை.

அக்கி சூட்டினால் வருவதில்லை. சின்ன வயதில் நமக்கு அம்மை போட்டு, வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி, ஆத்தா இறங்கிவிட்டாள் என்று மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார்களே, அதே சின்னம்மை வைரஸ்தான். அது உடம்பை விட்டுப் போவதே இல்லை. நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பவை டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள். அவை முதிர்ச்சி பெறும் தைமஸ் சுரப்பியோ பருவ வயதிலிருந்தே சுருங்கத் தொடங்கிவிடுகிறது. 50 வயதைத் தாண்டும்போது இந்தக் காவல் தளர, வைரஸ் நரம்பு வழியே தோலுக்கு வந்து, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம் போடுகிறது.

என் பெரியம்மாவுக்குக் கொப்புளம் தெரியும் முன்பே விலாவில் எரிச்சல் இருந்தது. வாய்வு என்று ஓமம் கொடுத்தார்கள். பிறகு காவி எழுதினார்கள். கொப்புளம் காய்ந்து உதிர்ந்ததும் எழுதியதால்தான் போயிற்று என்று எல்லோருக்கும் திருப்தி. அது சில வாரங்களில் தானாகவே உதிரக்கூடியது. வலி மட்டும் போகவே இல்லை. ரவிக்கை உரசினால் துடிக்கிறார். இரவில் சேலை விலாவில் படாமல் கையில் தூக்கிப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். வயதானவர்களுக்கு இந்த நரம்பு வலி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கிலும் நீடிக்கும்.

72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மாத்திரையைத் தொடங்கினால் கொப்புளமும் கடும் வலியும் சீக்கிரம் அடங்கும். 50 வயதுக்கு மேற்பட்டோருக்கான தடுப்பூசியும் 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, இரண்டு தவணை. தளர்ந்துபோன எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்பும் துணைப்பொருள் அதில் சேர்த்திருப்பதால், ஆய்வுகளில் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் 90 சதவீதம் அளவுக்குப் பலன் தந்தது. ஆனால் தோட்டத்துச் சாளையில் ஆடு மேய்த்துப் பிழைக்கும் பெரியவருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. அரசு இதை இலவசமாகத் தர முன்வர வேண்டும்.

அதுவரை செலவில்லாத ஒன்றைச் செய்யலாம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு தேடி வரும் பெண்கள், "ஒரு பக்கமாக எரிச்சலோ கொப்புளமோ இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அக்கி எழுதுகிறவர்களும் வருகிறவர்களை முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பட்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் அன்றே போக வேண்டும். கண் பார்வைக்கே ஆபத்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
காங்கேயம்.