இறந்த பின் வந்த குடியுரிமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈராக் போர் பற்றி எழுதும்போது, 2003 மார்ச் 21 அன்று ஈராக்கின் உம் கஸ்ர் துறைமுக நகர் அருகே உயிரிழந்த அமெரிக்க மரைன் வீரர் ஹோசே அந்தோனியோ குத்தியேரெஸையும் தங்கள் நாளிதழ் நினைவுகூர வேண்டுகிறேன். குவாத்தமாலாவில் பெற்றோரை இழந்து தெருவில் வளர்ந்து, சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு மெக்சிகோவைக் கடந்து, கலிபோர்னியாவில் வளர்ப்புக் குடும்பங்களின் ஆதரவில் படித்த அந்த இளைஞர், கட்டடக் கலைஞராக விரும்பினார். படையில் சேர்ந்தால் கல்லூரிச் செலவுக்கு உதவி கிடைக்கும் என்பதுதான் அமெரிக்காவின் ஏழைப் பிள்ளைகள் பலரைச் சீருடை அணிய வைக்கிறது. அவரைத் துளைத்தது எதிரியின் தோட்டா அன்று, சொந்தப் படையினருடையது என்பது நெஞ்சை அறுக்கிறது. உயிரோடிருந்தவரை, நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு மட்டுமே வைத்திருந்த அவருக்கு இறந்த பிறகே அமெரிக்கா குடியுரிமை வழங்கியது. உடலோ குவாத்தமாலா மண்ணுக்கே திரும்பியது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை