கடைமாடிச் செடிகளும் வாடகை ஒப்பந்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உணவகம், அச்சகம், தையலகம் என்று சிறு தொழில் நடத்துவோர் பலர் மொட்டைமாடியிலும் வாசல் ஓரத்திலும் தொட்டி வைத்துக் கீரையும் மிளகாயும் வளர்ப்பதைப் பெரும்பாலானோர் அலங்காரமாகவோ பொழுதுபோக்காகவோதான் பார்க்கிறார்கள். சிறிய உணவகம் ஒன்றை நடத்திக்கொண்டே ஆறு ஆண்டுகளாகச் செடி வளர்த்து வருகிறவன் என்ற முறையில், இது தொழிலோடு சேர்ந்த வேலை என்பதையும், இதற்குத் தடையாக இருப்பது இடப் பற்றாக்குறையோ ஆர்வக் குறைவோ அல்ல, வாடகைக்கு இருப்பவருக்கு மாடியின்மேல் உறுதியான உரிமை இல்லாததே என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

தொட்டிச் செடி தரைச் செடியைப் போல் வேரை ஆழமாக விட்டுத் தண்ணீர் தேடிக்கொள்ள முடியாது. வெயில் காலத்தில் இரண்டு நாள் கவனிக்காமல் விட்டாலே வாடிவிடும். வீடு பூட்டிக் கிடக்கும் நாள் உண்டு. கடையிலோ அநேகமாக எல்லா நாளும் யாராவது ஒருவர் காலையில் கதவைத் திறக்கிறார். கதவைத் திறந்ததும் மாடிக்குப் போய் மண்ணில் விரலை இரண்டாவது கணு வரை விட்டு, ஈரம் தட்டினால் விட்டுவிட்டு, தட்டாத தொட்டிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுவது என்பதை அன்றாட வேலைப் பட்டியலில் சேர்த்த கடைகளில் செடி பிழைக்கிறது. “நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்ற கடைகளில் அது ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை.

அடுத்தது கழிவு. எங்கள் சமையற்கட்டில் நாள்தோறும் சேரும் காய்த்தோலையும் தேயிலைச் சக்கையையும் தொடக்கத்தில் அப்படியே ஒரு டிரம்மில் கொட்டி மூடி வைத்தேன். ஒரே வாரத்தில் நாற்றம் தாங்காமல் பக்கத்துக் கடைக்காரர் படியேறி வந்துவிட்டார். தவறு என்னுடையதுதான். ஈரக் கழிவில் நைட்ரஜன் அதிகம். அது நன்றாக மட்க வேண்டுமானால் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு கார்பன் இருக்க வேண்டும், காற்றும் புக வேண்டும். கைக்கணக்கில் சொன்னால், ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு, மூன்று வாளி காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ போட்டு, வாரம் ஒரு முறையாவது கிளறிவிட வேண்டும். அதே பக்கத்துக் கடையிலிருந்து வரும் அட்டைப்பெட்டிகள்தாம் இன்று எங்கள் டிரம்முக்குத் தீனி. ஒட்டுநாடாவை உரித்துவிட்டு, பளபளப்பான அட்டையை ஒதுக்கிவிட்டுப் போடுகிறோம். கிளறும்போது கதகதப்பான ஆவி எழுந்து, முதல் மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று பொருள்.

விளைச்சலைப் பற்றி மிகைப்படுத்திப் பேசுவோரால்தான் பலர் ஏமாந்து தொட்டிகளைக் காலியாகப் போட்டுவிடுகிறார்கள். ஒரு மாடி ஓர் உணவகத்துக்கு வேண்டிய காய்கறி முழுவதையும் தராது. தக்காளிக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர்வெயிலும், ஓர் அடி ஆழமாவது மண்ணும் வேண்டும். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் அரை அடி ஆழமும் அரைநாள் வெயிலும் போதும். கீரை நான்கைந்து வாரத்தில் அறுப்புக்கு வந்துவிடும். சிறிதளவே வேண்டும், ஆனால் தினமும் புதிதாக வேண்டும், வாங்கி வைத்தால் மறுநாளே துவண்டுவிடும் என்ற வகைப் பயிர்களில்தான் சிறு தொழிலுக்கு உண்மையான மிச்சம் இருக்கிறது. சோவியத் ஒன்றியம் 1991-இல் சிதைந்து, அங்கிருந்து எரிபொருளும் உரமும் வருவது சுருங்கிப்போன காலத்தில், கியூபாவின் ஹவானா நகரத்தில் கட்டடங்களுக்கு இடையே கிடந்த காலி மனைகளில் மேட்டுப்பாத்தி கட்டிக் கீரையும் காயும் வளர்த்து, பாத்திக்குப் பக்கத்திலேயே கடை போட்டு விற்றார்கள். விளைகிற இடமும் விற்கிற இடமும் ஒன்றாக இருந்ததால் ஏற்றி இறக்கும் செலவு இல்லாமல் போனது. அந்த வசதி ஒவ்வொரு சிறு கடைக்கும் இயல்பாகவே இருக்கிறது.

இனி தடைக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், மிளகாய் பூத்துக் குலுங்கிய நேரத்தில், நாங்கள் முன்பு இருந்த கட்டடத்தின் உரிமையாளர் மாடியை ஒரு வாரத்தில் காலி செய்யச் சொன்னார். அவரது அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருக்கும். ஓர் அடி ஆழத்துக்குப் பரப்பினால் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 450 கிலோ. எல்லா மாடியும் அதைத் தாங்கும்படி கட்டப்பட்டிருக்காது. ஆனால் எங்கள் தொட்டிகளில் இருந்தது உப்புப் போக அலசிய தென்னைநார்க் கழிவும் மட்கிய உரமும் கலந்த இலகுவான கலவை. தரையில் படாமல் இரும்புத் தாங்கிகளின்மேல், அடித்தட்டுகளோடு, சுவரை ஒட்டித்தான் வைத்திருந்தோம். இதையெல்லாம் எடுத்துச் சொல்லவும், கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்து வந்து காட்டவும் எங்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை, ஏனென்றால் அனுமதி வெறும் வாய்ப்பேச்சாக இருந்தது. நாற்பது தொட்டிகளில் பாதியைக்கூட வேறிடம் சேர்க்க முடியவில்லை.

இப்போதுள்ள கட்டடத்தின் வாடகை ஒப்பந்தத்தில் தனியாக ஒரு பத்தி எழுதி இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம்: மாடியின் எந்தப் பகுதி, எவ்வளவு எடை வரை, நீர்க்கசிவு ஏற்பட்டால் பழுது யார் பொறுப்பு, காலி செய்ய எத்தனை நாள் அவகாசம். உரிமையாளரும் நிம்மதியாக இருக்கிறார்; எங்கள் பணியாளர்களும் அடுத்த பருவத்துக்கு விதை எடுத்து வைக்கிறார்கள். இத்தகைய பத்திக்கு ஒரு மாதிரியை வணிகர் சங்கங்கள் தயாரித்து உறுப்பினர்களுக்கு வழங்க வேண்டும் என்றும், மாடி எவ்வளவு எடை தாங்கும் என்று சோதித்துச் சான்று தரும் வசதியைச் சிறு கடைகளுக்குக் கட்டணமின்றி உள்ளாட்சி அமைப்புகள் ஏற்படுத்தித் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்