ரப்பர் உடைக்குள் இருந்த மனிதர்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. டோக்கியோவின் ஷின்ஜுகுவில், காட்ஸில்லா படங்களை எடுக்கும் தோஹோ கம்பெனியின் கட்டடத்துக்கு மேலே காட்ஸில்லாவின் தலை எட்டிப் பார்க்கிறது, கீழே பேரன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். அன்றைக்கே பழைய காட்ஸில்லா படத்தைப் போடச் சொல்லி அடம்பிடித்தானாம். நீ பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "ரப்பர் சட்டை போட்ட ஒரு ஆள் அட்டைப்பெட்டிகளை மிதிக்கிறார், இதையா அப்பா இத்தனை காலமாகக் கொண்டாடுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறாய். போனில் பதில் சொன்னால் பேச்சு பாதியிலேயே வேறு பக்கம் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

ரப்பர் சட்டை போட்ட ஆள்தான், சந்தேகமே இல்லை. அவர் பெயர் நகாஜிமா ஹருவோ. 1954 தொடங்கி 1972 வரை 12 படங்களில் காட்ஸில்லாவாக நடித்தவர். முதலில் செய்த உடை 100 கிலோவுக்கு மேல் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒழுங்காக நடக்கக்கூட முடியவில்லை. சரி என்று அதை இரண்டாக வெட்டி, உடம்பில் பாதி மட்டும் தெரியும் காட்சிகளுக்கு வைத்துக்கொண்டு, புதிதாக இன்னொன்று செய்தார்கள். அதுவும் லேசானதல்ல. உள்ளே காற்றோட்டம் கிடையாது, வெளியே ஸ்டுடியோ விளக்குகளின் சூடு. சில நிமிஷங்களுக்கு மேல் தாங்க முடியாமல் வியர்வை சொட்டச் சொட்ட வெளியே வருவாராம்.

மிருகத்தின் நடை பிடிபட வேண்டும் என்று உயேனோ மிருகக்காட்சிசாலைக்குப் போய் யானையையும் கரடியையும் கவனித்திருக்கிறார். உயேனோவில் இருந்த பழைய யானைகளைப் போர்க்காலத்தில், 1943இல், பட்டினி போட்டே கொன்றுவிட்டார்கள். போர் முடிந்த பிறகு ஜப்பான் பிள்ளைகள் யானை கேட்டு நேருவுக்குக் கடிதம் எழுத, 1949இல் அவர் இந்திரா என்ற யானையை அனுப்பிவைத்தார். காட்ஸில்லாவின் நடையில் இந்திராவின் நடையும் கொஞ்சம் கலந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

இப்போது அந்த அட்டைப்பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். பிசிக்ஸ் வாத்தியாரிடம் கேட்டுவிட்டாய், கொஞ்சம் பொறுமையாகப் படி. தந்திரக் காட்சிகளைப் பொறுப்பேற்றுச் செய்தவர் சுபுராயா எய்ஜி. 1933இல் வந்த கிங் காங் போல, பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு பிரேமாகப் படமெடுக்கத்தான் அவருக்கு ஆசை. ஆனால் அப்படி எடுத்தால் பல வருஷங்கள் ஆகும் என்று தெரிந்ததும் ஆளை உடைக்குள் இறக்கினார். கதைப்படி காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர். உடை போட்ட மனிதர் ஏறக்குறைய 2 மீட்டர். அதாவது 25இல் ஒரு பங்கு. அதே கணக்கில் டோக்கியோவையும் கட்டினார்கள். கின்ஸாவில் நீ தினமும் பார்க்கும் அந்த மணிக்கூண்டுக் கட்டடம், ரயில் பாதை, எல்லாம் உண்டு.

அளவைச் சுருக்கிவிடலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாது. 45 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் விழ 3 வினாடி ஆகும். அதில் 25இல் ஒரு பங்கு 1.8 மீட்டர். அங்கிருந்து விழ 0.6 வினாடிதான். சின்னக் கட்டடம் சட்டென்று உதிர்ந்துவிடும், பார்த்ததும் பொம்மை என்று தெரிந்துவிடும். அதனால் கேமராவை வேகமாக ஓடவிட்டுப் படமெடுத்து, திரையில் சாதாரண வேகத்தில் காட்டினார்கள். அப்போது இடிபாடு மெதுவாகச் சரிகிறது, தூசி மெதுவாக எழுகிறது, கட்டடத்துக்குக் கனம் வந்துவிடுகிறது. இதில் நகாஜிமாவுக்கு என்ன ஆகும், யோசித்துப் பார். திரையில் அசைந்து அசைந்து நடப்பதாகத் தெரிய வேண்டுமானால், அத்தனை கிலோவையும் சுமந்துகொண்டு அவர் வேகவேகமாக நடக்க வேண்டும்! மின்சாரக் கோபுரங்கள் உருகி வளையும் காட்சியை மட்டும் தனியாக ஒருமுறை போட்டுப் பார். கோபுரங்களை மெழுகால் செய்து, சூட்டில் உருகவிட்டிருக்கிறார்கள். இரும்பு எப்படித் தளர்ந்து தலைசாயுமோ அப்படியே சாயும்.

சத்தத்தையும் கவனி. இசையமைப்பாளர் இஃபுகுபே அகிரா, மிருகங்களின் குரலைப் பதிவுசெய்து பார்த்தும் திருப்தி வராமல், டபுள் பேஸ் வாத்தியத்தின் தந்திகளைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுக்கவைத்தார். அதில் வந்ததுதான் அந்தக் கர்ஜனை. எனக்கு அது கோபம் போலக் கேட்டதே இல்லை. வலியில் கத்துவது போலத்தான் கேட்கும்.

அந்த வலிக்குக் காரணம் உண்டு. 1954 மார்ச் 1ஆம் தேதி, பசிபிக்கில் பிகினித் தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக, 15 மெகாடன் சக்தியோடு அது வெடித்தது. யாயிஸு துறைமுகத்திலிருந்து சூரை மீன் பிடிக்கப் போயிருந்த ஒரு மரப்படகு அங்கிருந்து 160 கிலோமீட்டர் தூரத்தில் நின்றது. பெயர் ஐந்தாம் ஃபுகுரியூ மாரு. வெள்ளைச் சாம்பல் படகின் மேல் மழை மாதிரி கொட்டியது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சில் நோயாளிகளானார்கள். வானொலித் தந்தி பார்த்த குபோயாமா ஐகிச்சி செப்டம்பர் 23ஆம் தேதி இறந்துபோனார். ஊர் ஊராகச் சூரை மீனைக் கொட்டிப் புதைத்தார்கள். அந்த வருஷம் நவம்பர் 3ஆம் தேதி காட்ஸில்லா வெளியானது. முதல் காட்சியே, நடுக்கடலில் ஒரு கப்பலின் மேல் பளீரென்று வெளிச்சம் அடித்து, அது தீப்பிடித்து மூழ்குவதுதான். தியேட்டரில் இருந்தவர்களுக்கு இது எதைச் சொல்கிறது என்று யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. சுமார் 96 லட்சம் பேர் பார்த்தார்கள்.

இயக்குநர் ஹோண்டா இஷிரோ சீனப் போர்முனையிலிருந்து 1946இல் திரும்பியபோது ஹிரோஷிமா வழியாக வந்தவர். அந்த ஊரைப் பார்த்த கண் படத்தில் இருக்கிறது. ரயிலில் ஒரு பெண், நாகசாகியில் தப்பிப் பிழைத்து வந்தேனே, இப்போது இதுவா என்று அலுத்துக்கொள்வாள். நகரம் எரியும்போது தெருவோரத்தில் ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரம் அப்பாவிடம் போய்விடலாம் என்பாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தையின் அருகே கதிர்வீச்சை அளக்கும் கெய்கர் கருவியைக் கொண்டுபோவார்கள், அது படபடவென்று சத்தம் போடும். அதைப் பிடித்திருப்பவர் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் அசைப்பார். ஃபிலிம் சொசைட்டியில் ஒரு கீறல் விழுந்த பிரிண்டில் முதன்முதலாகப் பார்த்தபோது, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்கள் கூட்டம் அந்த இடத்தில் அடங்கிப்போனது. நீ பார்த்த பத்து நிமிஷத்தில் இது எதுவும் வந்திருக்காது.

அப்புறம், அந்த மிருகத்தையும் படம் கைவிடுவதில்லை. குண்டு கலைத்துவிட்டதால் வெளியே வந்த உயிர் அது. தொல்லுயிரியல் பேராசிரியர் யமானே அதைக் கொல்லக் கூடாது, ஆராய வேண்டும் என்று மன்றாடி, யாரும் கேட்காமல் போக, இருட்டு அறையில் தனியாக உட்கார்ந்திருப்பார். (அவராக நடித்த ஷிமுரா தகாஷி அதே வருஷம் இயக்குநர் குரோசவாவின் 'ஏழு சாமுராய்கள்' படத்தில் அவர்களின் தலைவராக நடித்தவர்.) கடைசியில் டோக்கியோ விரிகுடாவின் அடியில் அது சாகும்போது, அதைக் கொன்ற ஆயுதத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி செரிஸாவாவும், ரகசியம் இன்னொருவர் கைக்குப் போகக் கூடாது என்று, மேலே வராமல் அங்கேயே இறந்துபோகிறார். ராட்சத மிருகங்கள் கெட்டவை அல்ல, அளவுக்கு மீறிய உயரத்தோடும் பலத்தோடும் கனத்தோடும் பிறந்துவிட்டதுதான் அவற்றின் சோகம் என்று ஹோண்டா பின்னாளில் சொல்லியிருக்கிறார். உள்ளே ஒரு மனிதர் மூச்சு முட்டிக்கொண்டு நின்றதால்தான் அந்தச் சோகம் நம்மிடம் வந்து சேர்கிறது என்று நான் நம்புகிறேன். ஒரு மனித உடம்பின் களைப்பு அந்த உடைக்கு வெளியே தெரிகிறது. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் செய்கிறவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள். தந்திரக் காட்சிக்காக 2024இல் ஆஸ்கர் வாங்கிய புதுக் காட்ஸில்லா படத்தையும் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் என் மனது பழையதிடம்தான்.

ஒரு வேலை செய். உன் வீடு இருக்கும் நிஷிகசாயிலிருந்து ஷின்கிபா பக்கம்தான். அந்த ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் யுமெனோஷிமா பூங்கா. குப்பை கொட்டி மேடாக்கிய அந்த இடத்தில் 1967இல் கைவிடப்பட்டுக் கிடந்த ஃபுகுரியூ மாருவை ஊர் மக்கள் போராடிக் காப்பாற்றினார்கள். 1976இலிருந்து ஒரு கண்காட்சிக்கூடத்துக்குள் அந்தப் படகே நிற்கிறது. பேரனையும் கூட்டிக்கொண்டு போ. மரப்படகு என்றால் அவனுக்குப் பிடிக்கும். மற்றதை அவன் கேட்கும்போது சொல்.

1954 படத்தை அவனுக்கு இப்போது காட்டாதே. அவன் தூங்கிய பிறகு நீயும் மாப்பிள்ளையும் பாருங்கள். ஜப்பானிய மூலத்தையே பாருங்கள், அமெரிக்க நிருபர் ஒருவரைச் செருகி 1956இல் வெட்டி ஒட்டிய படம் வேண்டாம். பேரனுக்கு 1961இல் வந்த மோத்ராவைப் போடு. தீவிலிருந்து இரண்டு குட்டித் தேவதைகளைப் பணத்தாசை பிடித்தவன் தூக்கிவந்து மேடையில் பாடவைக்கிறான். அவர்களை மீட்க ஒரு ராட்சதப் புழு கடல் தாண்டி வந்து, டோக்கியோ டவரில் கூடு கட்டி, அந்துப்பூச்சியாகப் பறக்கிறது. கோபுரத்தைப் பார்த்ததும் அவன் துள்ளிக் குதிப்பான். தேவதைகளாக நடித்தவர்கள் நிஜ இரட்டைச் சகோதரிகள், அழகாகப் பாடுவார்கள். முக்கியமாக, மோத்ரா சாகாது. வந்த வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடும். ஹெடோரா மட்டும் இப்போதைக்கு வேண்டாம். கழிவைத் தின்று வளரும் பூதம், 1971 படம். மனிதர்கள் எலும்புக்கூடாவதைக் காட்டுவார்கள்.

அடுத்து 1969இல் ஹோண்டா எடுத்த ஒரு படம் இருக்கிறது, ஆங்கிலத்தில் 'ஆல் மான்ஸ்டர்ஸ் அட்டாக்' என்பார்கள். சண்டைகளில் பாதி பழைய படங்களிலிருந்து எடுத்து ஒட்டியவை. அதனாலேயே ரசிகர்கள் பலர் அதை மதிப்பதில்லை. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். கவாசாகியில் ஆலைப் புகைக்கு நடுவில் இச்சிரோ என்று ஒரு பையன். அப்பா ரயில் ஓட்டுநர், அம்மாவும் வேலைக்குப் போய் நேரம் கழித்து வருகிறவள். ஸ்கூல் விட்டு வந்து பூட்டிய வீட்டைத் தானே திறந்துகொள்வான், தெருவில் பெரிய பையன்கள் அவனை மிரட்டுவார்கள். தூங்கினால் ராட்சதர்களின் தீவுக்குப் போவான். அங்கே காட்ஸில்லாவின் மகனும் ஒரு பெரியவனிடம் அடிவாங்கிக்கொண்டிருப்பான். இரண்டு பேரும் சிநேகிதம் ஆகிவிடுவார்கள்.

நீங்கள் இரண்டு பேரும் வேலையிலிருந்து எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன். அந்தப் படத்தை மட்டும் அவனைத் தனியாகப் பார்க்க விடாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பார். பார்த்துவிட்டு அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா